பவர் மார்சலேட்டர்: பழுதில்லாமல் ஓடிய ஒரு கருவியின் கதை

2013 அக்டோபரில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஏமி ரீட் என்ற 40 வயது மயக்கவியல் மருத்துவருக்கு ஃபைப்ராய்டு என்ற, கருப்பைத் தசையில் வளரும் புற்றல்லாத கட்டிகளுக்காக லேப்ராஸ்கோப்பி முறையில் (சிறு துளைகள் வழியே, கேமரா விட்டுச் செய்யும் அறுவை) கருப்பை எடுக்கப்பட்டது. கருப்பையை வயிற்றுக்குள்ளேயே பவர் மார்சலேட்டரால் துண்டு துண்டாக வெட்டி, சிறு துளை வழியே வெளியே எடுத்தார்கள். பிறகு வந்த நோயியல் அறிக்கையில் லியோமயோசார்கோமா என்று இருந்தது. அது கருப்பைத் தசையில் தோன்றும், வேகமாகப் பரவும் புற்றுநோய். அவரும், இதய அறுவை மருத்துவரான அவருடைய கணவர் ஹூமன் நூர்ச்சாஷ்மும் இந்தக் கருவியை எதிர்த்து நடத்திய பிரச்சாரம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் (எஃப்.டி.ஏ.) கதவைத் தட்டியது. ஏமி ரீட் 2017 மே 24 அன்று இறந்தார்.

இந்த நிகழ்வைப் படிக்கும் எவரும் கருவியில் என்ன கோளாறு என்றுதான் முதலில் தேடுவார்கள். கோளாறு எதுவும் சொல்லப்படவில்லை. எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையைத்தான் கருவி செய்தது. இந்தத் தீங்கு இவ்வளவு காலம் கண்ணில் படாமல் இருந்ததற்கும் அதுவே காரணம். மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் ஏற்பாடுகள் பழுதைத் தேடும்படி அமைந்தவை. ஒழுங்காக ஓடும் கருவி செய்யும் தீங்கு அந்த வலையில் எளிதில் சிக்காது.

ஏன் வெட்ட வேண்டியிருக்கிறது

லேப்ராஸ்கோப்பியில் துளைகள் 5 முதல் 12 மில்லிமீட்டர் வரைதான். கருப்பையையும் அதன் ரத்தக் குழாய்களையும் அந்தத் துளைகள் வழியே பிரித்துவிடலாம். பிரித்த உறுப்பை எப்படி வெளியே கொண்டுவருவது என்பதுதான் பிரச்சினை. கருப்பை வாயோடு சேர்த்து முழுமையாக எடுக்கும்போது யோனியின் மேல்முனை திறந்திருக்கும். சுமார் 12 வாரக் கர்ப்ப அளவு வரையிலான கருப்பை, அதாவது 280 கிராம் அளவில் இருப்பது, பெரும்பாலும் முழுசாகவே அந்த வழியில் வந்துவிடும். சிக்கல் மூன்று இடங்களில் எழுகிறது. கருப்பை அதைவிடப் பெரிதாக இருக்கலாம். பிரசவமே ஆகாத பெண்ணுக்கு யோனி குறுகலாக இருக்கலாம். கருப்பை வாயை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுக்கும் அறுவையிலோ, ஃபைப்ராய்டை மட்டும் எடுக்கும் அறுவையிலோ யோனி வழி திறக்கப்படுவதே இல்லை.

மின்மோட்டார் வைத்த மார்சலேட்டர் இந்த இடைவெளியை நிரப்ப வந்தது. அமெரிக்காவில் முதல் பவர் மார்சலேட்டருக்கு 1991இல் அனுமதி கிடைத்தது. அதிலிருந்து 2014 வரை 25 அனுமதிகள். எல்லாம் 510(கே) என்ற வழியில் வந்தவை. ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒரு கருவிக்குப் புதியது கணிசமாக ஒத்திருக்கிறது என்று காட்டினால் அந்த வழியில் போதும். நோயாளிகளிடம் தனியாகச் சோதித்துப் பார்த்த விவரம் பெரும்பாலும் தேவைப்படாது.

கருவியும் அதைப் பிடிக்கும் விதமும்

பவர் மார்சலேட்டர் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்கள். உள்குழாயின் முனை விளிம்பு கத்தியாகத் தீட்டப்பட்டிருக்கும், அது சுழலும். வெளிக்குழாய் நிலையாக நிற்கும் உறை. பல மாதிரிகளில் உறையின் நுனி ஒரு பக்கம் மட்டும் கத்தியைத் தாண்டி நீண்டு, காப்பாக இருக்கும். குழாயின் விட்டம் வழக்கமாக 12 முதல் 15 மில்லிமீட்டர்; 20 மில்லிமீட்டர் வரையும் உண்டு. பிடியில் மோட்டார், காலில் மிதி, பின்புறம் வாயு கசியாமல் தடுக்கும் அடைப்பு. நகம் போன்ற பற்கள் உள்ள டெனாகுலத்தை இந்தக் குழாயின் நடுவே விட்டுத் திசுவைக் கவ்வி இழுக்க வேண்டும். இழுபடும் திசு சுழலும் விளிம்பில் பட்டு, குழாய் அகலத்துக்கு நீண்ட நாடாவாக வெட்டுப்பட்டு வெளியே வரும்.

திசுவைக் கத்தியிடம் கொண்டுவர வேண்டும். கத்தியைத் திசுவிடம் கொண்டுபோகக் கூடாது. கத்தி முனை வயிற்றின் முன்சுவரை ஒட்டி, கேமராவின் கண்ணிலேயே அசையாமல் நிற்க வேண்டும். இரண்டாவது கருவி கருப்பையைத் திருப்பித் திருப்பி ஊட்டும். காப்பு நுனியைக் கீழ்ப்பக்கம் வைத்தால் கத்தி திசுவின் மேல்தோலை மட்டும் ஆரஞ்சுத் தோல் உரிப்பதுபோல நீளமாக உரித்துக்கொண்டு போகும். காப்பைத் தள்ளிவிட்டால் கத்தி நேராக உள்ளே குடைந்து இறங்கும், அப்போது மறுபக்கம் என்ன இருக்கிறது என்று கேமராவில் தெரியாது. குடல் வெட்டுப்படுவது பெரும்பாலும் இப்படித்தான்.

கருவி காயப்படுத்தியதாகப் பதிவான நிகழ்வுகளைத் தொகுத்து 2014இல் வந்த ஓர் ஆய்வில் 55 பேரின் விவரங்கள் இருந்தன. அவற்றில் குடல் காயம் 31, ரத்தக் குழாய் காயம் 27; சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பில் காயம். 6 பேர் இறந்தார்கள். காரணம் சொல்லப்பட்ட நிகழ்வுகளில் பெரும்பாலானவற்றில் கைப்பழக்கக் குறைவே சொல்லப்பட்டிருந்தது. சில காயங்கள் அறுவை முடிந்து 10 நாள் வரைகூடத் தெரியவில்லை.

இது கத்தியின் ஆபத்து. சிதறலின் ஆபத்து வேறு. சுழலும் விளிம்பு ஒவ்வொரு முறை திசுவைத் தொடும்போதும் கண்ணுக்குத் தெரியும் துணுக்குகளோடு, தெரியாத செல் கூட்டங்களையும் வீசி எறிகிறது. நோயாளி தலை தாழ்ந்த நிலையில் படுத்திருப்பதால் ரத்தமும் துணுக்குகளும் கல்லீரலுக்கு மேலும், பெருங்குடலின் பக்கவாட்டுப் பள்ளங்களுக்குள்ளும் ஓடி ஒதுங்கும். இடுப்புக்குழியை மட்டும் கழுவி முடிப்பவர்கள் இவற்றைப் பார்ப்பதே இல்லை. மேசையைச் சமமாக்கி, சில லிட்டர் உப்புநீர் விட்டு, நான்கு மூலைகளையும் கேமராவால் பார்த்து உறிஞ்சினால் துணுக்குகள் குறையும். செல்கள் போய்விட்டன என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. புற்றுநோயே இல்லாவிட்டாலும் சிதறிய ஃபைப்ராய்டுத் துணுக்கு குடலோரத்திலோ வயிற்றுச் சுவரிலோ ஒட்டி, புது ரத்த ஓட்டம் பெற்று வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்து இன்னோர் அறுவைக்குக் கொண்டுவரும். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சுவர் போன்ற திசு வெளியே வளரும் நோய்) திசுவுக்கும் இதே கதிதான்.

10,000இல் ஒருவர், 350இல் ஒருவர்

ஃபைப்ராய்டும் லியோமயோசார்கோமாவும் ஒரே மென்தசையிலிருந்து வருபவை. ஸ்கேனில் இரண்டும் உருண்டையான கட்டிகள்தான். கருப்பை உட்சுவர் பயாப்சி உட்சுவரைத்தான் சுரண்டுகிறது. சார்கோமா (தசை போன்ற திசுவில் தோன்றும் புற்றுநோய்; லியோமயோசார்கோமா அதில் ஒரு வகை) தசைக்குள் இருப்பதால் அந்தச் சோதனையில் நழுவிவிடும். எம்.ஆர்.ஐ.யில் ஒழுங்கற்ற விளிம்பு, உள்ளே ரத்தக்கசிவு, டிஃப்யூஷன் (திசுவுக்குள் நீர் நகர்வதைக் காட்டும்) படத்தில் தடை ஆகியவை சந்தேகத்தைக் கூட்டும், முடிவு சொல்லாது. “வேகமாக வளர்ந்தால் சார்கோமா” என்ற பழைய வாய்ப்பாடும் மாதவிடாய் நிற்காத பெண்களிடம் நிற்கவில்லை. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், வேகமாக வளர்ந்த கட்டி என்று அறுவைக்கு வந்த 371 பேரில் ஒருவருக்குத்தான் சார்கோமா. மாதவிடாய் நின்ற பிறகு கட்டி வளர்ந்தால் மட்டும் சந்தேகப்படத்தான் வேண்டும்.

ஆக, அறுவைக்கு முன் உறுதியாகச் சொல்ல வழியில்லை. அப்படியானால் எல்லாமே நிகழ்தகவைப் பொறுத்தது. பல காலமாக நோயாளிகளிடம் சொல்லப்பட்ட கணக்கு 10,000இல் ஒருவர். 2012இல் பாஸ்டனிலேயே, மார்சலேட்டர் பயன்படுத்திய 1,091 அறுவைகளைப் பார்த்த ஆய்வு, எதிர்பாராத சார்கோமா 0.09 சதவீதம், அதாவது சொல்லப்பட்டதைவிட ஒன்பது மடங்கு என்று அச்சிட்டது. ஏமி ரீடின் அறுவைக்கு முந்தைய ஆண்டு அது. அந்த எண் ஒப்புதல் படிவங்களுக்கு இறங்கி வரவில்லை. இந்த நிகழ்வில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான்: தகவல் இல்லாமல் போகவில்லை, பக்கத்தில் கிடந்தது.

எஃப்.டி.ஏ. 2014 ஏப்ரல் 17 அன்று தன் கணக்கை வெளியிட்டது. ஃபைப்ராய்டுக்கு அறுவை செய்துகொள்ளும் பெண்களில் 350 பேரில் ஒருவருக்கு எதிர்பாராத கருப்பைச் சார்கோமா, 498 பேரில் ஒருவருக்கு லியோமயோசார்கோமா. ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்து எடுத்த எண் அது. உடனே எதிர்ப்பு வந்தது. வேறொரு குழு இன்னும் நிறைய ஆய்வுகளைத் தொகுத்து, லியோமயோசார்கோமா சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு என்றும், நோயாளிகளை முதலிலேயே சேர்த்து முன்னோக்கிப் பார்த்த ஆய்வுகளை மட்டும் எடுத்தால் 8,300 பேரில் ஒருவருக்கு என்றும் சொன்னது. 2017இல் எஃப்.டி.ஏ. 23 ஆய்வுகளோடு மறுபடி கணக்கிட்டு, சார்கோமாவுக்கு 225 முதல் 580 பேரில் ஒருவர் என்று எல்லை வகுத்தது. நோயாளிப் பதிவேடுகளிலிருந்து எடுத்த ஒரு பெரிய கணக்கில், மார்சலேட்டர் பயன்படுத்திய 36,470 பேரில் 99 பேருக்குக் கருப்பைப் புற்றுநோய் இருந்தது, 10,000க்கு 27. ஆனால் இது சார்கோமா மட்டுமல்ல, எல்லா வகைக் கருப்பைப் புற்றுநோயும்.

எண்கள் இப்படி ஆடுவதற்குக் காரணம் வகுத்தி. யாரையெல்லாம் எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். 38 வயதுப் பெண்ணின் ஆபத்தும் 58 வயதுப் பெண்ணின் ஆபத்தும் ஒன்றல்ல. வயது ஏற ஏற ஏறுகிறது. நோயாளியிடம் ஒரே ஓர் எண்ணைச் சொல்லிக் கையெழுத்து வாங்குவதைவிட, அவருடைய வயதுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்வதே நேர்மை.

நிகழ்தகவு சிறிது என்பதால் விளைவு சிறிதாகிவிடாது. லியோமயோசார்கோமா இருந்து, கருப்பை முழுசாக வெளியே வந்தவர்களையும் வயிற்றுக்குள் வெட்டப்பட்டவர்களையும் ஒப்பிட்ட 58 பேர் ஆய்வில், நோய் திரும்பும்வரையிலான இடைநிலைக் காலம் முதல் குழுவில் 39.6 மாதம், இரண்டாம் குழுவில் 10.8 மாதம்.

யாரும் புகார் எழுதவில்லை

கருவியால் மரணமோ கடும் காயமோ ஏற்பட்டதாகத் தெரிந்தால் அமெரிக்க மருத்துவமனைகள் 10 வேலை நாட்களுக்குள்ளும், தயாரிப்பாளர்கள் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். 2013 டிசம்பருக்கு முன் மார்சலேட்டரால் புற்று பரவியதாக எஃப்.டி.ஏ.வுக்கு ஒரு புகாரும் வரவில்லை. திசு சிதறலாம் என்பது முதல் அனுமதி கொடுத்தபோதே பொதுவாகத் தெரிந்திருந்தது. மருத்துவ இதழ்களிலும் தனித்தனி நிகழ்வுகள் வந்துகொண்டிருந்தன. ஆனால் அறுவை செய்தவருக்குப் புற்றுநோய் தெரிவது நோயியல் அறிக்கை வந்த பிறகு. நோயாளி அதற்குள் புற்றுநோய் மருத்துவரிடம் போய்விடுவார். அவர் பார்ப்பது நான்காம் நிலை நோயை, கருவியை அல்ல. ஒரு படிவத்தைச் சங்கிலியின் எந்தக் கை நிரப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றாத அமைப்பு.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 2014 ஏப்ரல் முடிவில் மார்சலேட்டர் தயாரித்த எத்திகான் நிறுவனம் விற்பனையை நிறுத்தி, ஜூலையில் சந்தையிலிருந்த கருவிகளைத் திரும்பப் பெற்றது. ஜூலை 10, 11 தேதிகளில் நிபுணர் குழு கூடியது. நவம்பர் 24 அன்று கட்டமிட்ட எச்சரிக்கை (கருவியின் லேபிளில் கட்டம் கட்டிப் போடும் கடுமையான எச்சரிக்கை) வந்தது: மாதவிடாய் நிற்கும் தறுவாயில் உள்ளவர்களுக்கும் நின்றவர்களுக்கும், யோனி வழியாகவோ சிறு வயிற்றுத் திறப்பு வழியாகவோ முழுசாக எடுக்க முடிபவர்களுக்கும் கூடாது, புற்றுநோய் தெரிந்த அல்லது சந்தேகிக்கப்படும் திசுவில் கூடவே கூடாது.

இதற்கும் ஒரு விலை இருந்தது. மிச்சிகன் மாநில மருத்துவமனைகளை வைத்துப் பார்த்த ஆய்வில், எச்சரிக்கைக்குப் பிறகு லேப்ராஸ்கோப்பி கருப்பை அகற்றம் 4.1 சதவீதப் புள்ளி குறைந்தது. ரத்தம் ஏற்றுவதைச் சேர்க்காத பெரும் சிக்கல்கள் 2.2இலிருந்து 2.8 சதவீதமாகவும், 30 நாளுக்குள் மறுபடி சேர்க்கப்பட்டவர்கள் 3.4இலிருந்து 4.2 சதவீதமாகவும் கூடினார்கள். வயிற்றைத் திறந்தால் காயத் தொற்று, ரத்தக்கட்டி, நீண்ட படுக்கை எல்லாம் வரும். ஒரு கருவியை எடுத்துவிட்டால் ஆபத்து பூஜ்யமாகிவிடும் என்று வாதிட்டவர்கள் இந்தக் கணக்கைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

நோயியல் மேசையில்

வெட்டிய திசு ஒரு டப்பாவில் நாடாக்களாக வந்து சேரும். எது முன்பக்கம், எது உட்சுவர், கட்டி கருப்பை விளிம்பைத் தொட்டதா என்பது போய்விடும். சார்கோமாவின் முதல் நிலையிலேயே 5 சென்டிமீட்டருக்குள்ளா, மேலா என்று பிரிக்கிறார்கள். நாடாவில் எதை அளப்பது? செல் உருவ மாற்றம், நுண்ணோக்கியின் 10 பெரிதாக்கப் புலங்களில் 10 அல்லது அதற்கு மேல் செல் பிளவு, திசு உறைந்து செத்துப்போன பகுதி என்ற மூன்றில் இரண்டு இருந்தால் லியோமயோசார்கோமா என்பது பொது அளவுகோல். எந்த நாடாவிலிருந்து மாதிரி எடுப்பது என்பதே தெரியாதபோது அளவுகோல் இருந்தும் கை தடுமாறும். திசுவை அனுப்பும்போதே “துண்டாக்கப்பட்டது, பையில் அல்லது பையில்லாமல்” என்று விண்ணப்பத்தில் எழுதுவது அதனால்தான் முக்கியம். வித்தியாசமாக இருக்கும் நாடாக்களை, மஞ்சளாக, மிருதுவாக, செத்துப்போனதுபோல் கிடப்பவற்றை, அறுவை அரங்கிலேயே தனி டப்பாவில் போட்டால் நோயியலருக்கு உதவி.

பை

2016 ஏப்ரலில் எஃப்.டி.ஏ. நியூமோலைனர் என்ற பையை அனுமதித்தது. மார்சலேட்டரோடு பயன்படுத்துவதற்கென்றே வந்தது. அனுமதியோடு சேர்ந்தே ஒரு வாசகமும் வந்தது: இது புற்று பரவும் ஆபத்தைக் குறைப்பதாக நிரூபிக்கப்படவில்லை. 2020 டிசம்பரில் வந்த இறுதி வழிகாட்டுதல், பவர் மார்சலேட்டரை இனி பைக்குள் மட்டுமே ஓட்டச் சொன்னது.

பையில் ஓட்டும்போது முதலில் வயிற்றுக்குள் இருக்கும் வாயுவை வெளியேற்றி, பிறகு பைக்குள் வாயு ஏற்ற வேண்டும். வரிசையை மாற்றினால் பை சுருங்கியே நிற்கும். சுவர் மடிந்து கத்தியின் முன் வந்து விழும். பை முழுதாக விரிந்து குடலைப் பின்னுக்குத் தள்ளி, வயிற்றுச் சுவரோடு ஒட்டி நின்ற பிறகுதான் மிதியில் கால் வைக்க வேண்டும். பக்கத்திலிருந்து இன்னொரு ட்ரோக்காரால் (துளை போடும் கூர்முனைக் குழாய்) பையைத் துளைத்து கேமரா விடும் முறையும் உண்டு. பார்வை நன்றாக இருக்கும், ஆனால் நாமே ஓர் ஓட்டை போடுகிறோம். பையில் நீல நிறம் கலந்த நீர் விட்டுச் சோதித்த ஓர் ஆய்வில், 76 பேரில் 7 பேருக்குக் கசிவு தெரிந்தது. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

மோட்டாரே வேண்டாம் என்பவர்கள் கைக்கத்திக்குத் திரும்பினார்கள். பையில் வைத்து “சி” வடிவில் வெட்டும் முறை நன்றாக வேரூன்றியிருக்கிறது. செய்முறை இப்படி: தொப்புள் வெட்டை 2.5 முதல் 4 சென்டிமீட்டருக்கு நீட்டி, கருப்பையைப் பைக்குள் போட்டு, பையின் வாயை வெளியே இழுத்து விரிக்க வேண்டும். பிறகு தானே விரிந்து நிற்கும் ரிட்ராக்டரின் (வெட்டை அகட்டிப் பிடிக்கும் கருவி) உள்வளையத்தைப் பைக்குள்ளேயே வைத்து உருட்டி இறுக்க வேண்டும். ரிட்ராக்டர் பைக்கு வெளியே போனால் கத்திக்கும் பைக்கும் நடுவில் காப்பு ஏதும் இருக்காது. கூர்ப்பற்கள் கொண்ட கவ்வியால் திசுவைப் பிடித்துத் தோல் மட்டத்துக்கு மேலே தூக்கி, 11ஆம் எண் கத்தியால் பிறைபோல ஒரு வெட்டு. அடுத்த கவ்வியை வெட்டின் அடிவாரத்தில் போட்டு இழுத்து, அடுத்த பிறை. நாடா அறுந்துவிடாமல் நீள வேண்டும். அறுந்தால் மீதி பைக்குள் நழுவி, கை உள்ளே விட்டுத் தேட வேண்டிவரும். கத்தி முனை எப்போதும் தோலுக்கு மேலே தெரியும் இடத்தில்தான் வெட்ட வேண்டும். உதவியாளர் பையின் விளிம்பை நான்கு பக்கமும் தூக்கிப் பிடிக்காவிட்டால் ரத்தம் விளிம்பைத் தாண்டி வழியும். பையின் முழுப் பயனும் அங்கேயே போய்விடும். கட்டி சுண்ணாம்பு படிந்திருந்தால் 11ஆம் எண் கத்தி மழுங்கும். அப்போது அழுத்தாமல் கத்தியை மாற்ற வேண்டும். பை கிழிவது பெரும்பாலும் அழுத்தும் கையால்தான்.

கடைசித் துண்டு வந்த பிறகும் வேலை பாக்கி. வாயைப் பிடித்தபடியே பையை வெளியே எடுத்து, தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்க்க வேண்டும். கையுறையையும் கவ்விகளையும் மாற்றிவிட்டுத்தான் வயிற்றுக்குள் மறுபடி கேமரா விட வேண்டும். தொப்புள் வெட்டின் திசுப்படலத்தைப் பார்த்துப் பார்த்துத் தைக்க வேண்டும். 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட எந்தத் திறப்பிலும் குடலிறக்கம் வரலாம், 3 சென்டிமீட்டர் வெட்டில் கட்டாயம் கவலைப்பட வேண்டும். அறுவைக் குறிப்பில் பையின் வகை, கசிவுச் சோதனை முடிவு, திசுவின் எடை மூன்றும் இருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பெரிய ஓட்டை அப்படியே இருக்கிறது. எஃப்.டி.ஏ.வின் எச்சரிக்கை மோட்டார் வைத்த கருவிக்கு மட்டும். யோனி வழியாகக் கருப்பையை நடுவில் பிளந்தோ, ஆப்பு ஆப்பாக வெட்டியோ, உள்தசையைக் குடைந்தோ எடுப்பது பல பத்தாண்டுகளாக நடக்கும் வேலை; அங்கே கத்திக்கு எச்சரிக்கை லேபிள் கிடையாது, பல இடங்களில் பையும் கிடையாது. அங்கே சிதறும் செல்கள் எவ்வளவு என்பதை அளந்து பார்த்தவர்களும் குறைவு. பையின் வாயை யோனி வழியே இறக்கி, அதற்குள்ளேயே வெட்டுவது செய்யக்கூடியதுதான். இடம் குறுகலாவதால் நேரம் கூடும், அவ்வளவே.